பின்வரிசையில் நிற்கும் கிழவர்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் படையைப் பற்றிய ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற பழைய பிபிசி நகைச்சுவைத் தொடரை முழுவதும் பார்த்து முடித்தேன். அதில் காட்ஃப்ரீயாக வரும் ஆர்னால்ட் ரிட்லி ஒரு காலத்தில் புகழ்பெற்ற நாடகாசிரியர் என்று படித்ததும் மனம் கனத்துவிட்டது. தள்ளாத வயதில், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கும் துணைப் பாத்திரம். இது வீழ்ச்சி இல்லையா? பின்னணியில் வரும் செயற்கைச் சிரிப்பும் எரிச்சலூட்டியது. நானும் ஒரு நாடகக் குழுவில் சிறு வேடங்களில் நடிப்பவன். தொடரலாமா, விட்டுவிடலாமா?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

அது செயற்கைச் சிரிப்பு அல்ல, படப்பிடிப்பு அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு. முழுவதும் பார்த்திருக்கவும் முடியாது. 80 பகுதிகளில் மூன்று அழிந்துவிட்டன. போகட்டும்.

‘வீழ்ச்சி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எதிலிருந்து வீழ்ந்தார்? 1916இல், முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் துப்பாக்கிமுனைக் கத்தியால் காயம் பட்டபோது ரிட்லிக்கு வயது 20. இடது கை அதன்பின் தேறவே இல்லை. மாங்கட்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் ரயிலுக்காகக் காத்துக் கிடந்த அனுபவத்திலிருந்து ‘கோஸ்ட் டிரெயின்’ நாடகத்தை எழுதினார். 1925இல் லண்டனில் மேடையேறி 600 காட்சிகளைத் தாண்டியது. 1939இல் மறுபடியும் ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸுக்குப் போனார். காட்ஃப்ரீ வேடம் வந்தபோது வயது 72. தொடர் முடிந்தபோது 81.

1969இல் வந்த ‘பிராண்டட்’ என்ற பகுதியை அவசரமாகக் கடந்திருப்பீர்கள். ஓர் எலியைக்கூடக் கொல்ல மனம் வராத காட்ஃப்ரீ, ஊர்க்காவல் படையிலிருந்து விலகுவதாகச் சொல்கிறார். முதல் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் என்பதும் தெரியவருகிறது. கூட நின்றவர்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பின்னர் புகை சூழ்ந்த குடிசைக்குள் மயங்கிய படைத்தலைவர் கேப்டன் மேனரிங்கைக் காப்பாற்றப் போவது அந்தக் கிழவர்தான். அதன்பின் காட்ஃப்ரீ படுத்திருக்கும் அறையில் ஒரு புகைப்படம்; மார்பில் வீரப் பதக்கம். சோமில் காயம்பட்டவர்களை மீட்டதற்காகக் கிடைத்தது என்று அவருடைய சகோதரி சொல்கிறார்.

சோமில் உண்மையாகவே சண்டையிட்டுக் காயம்பட்ட மனிதர், சண்டையிட மறுத்தவனாக அங்கே படுத்திருக்கிறார். குரலை உயர்த்துவதில்லை, கண்ணீரும் இல்லை. தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்ற சங்கடம் மட்டும் முகத்தில். அதை ‘துணைப் பாத்திரம்’ என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? குணச்சித்திர நடிகர் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறதே!

அந்தச் சங்கடத்தை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்தபின் என் அப்பா சட்டைப் பித்தானை ஒரு கையால் போடப் பழகினார். கழுத்துப் பித்தான் மட்டும் வசப்படாது. உதவப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “நீ போய்ச் சாப்பிடு” என்பார். அந்த முதுகை நடித்துக் காட்டு என்று எந்தக் கதாநாயகனிடமாவது கேட்டுப் பாருங்கள். வசனம் எங்கே என்று கேட்பான். காட்ஃப்ரீ வரிசையில் வெறுமனே நிற்கும்போது எனக்கு அந்த முதுகு தெரிகிறது.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். நடிப்பை விடாதீர்கள். ‘பிராண்டட்’ பகுதியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இந்த முறை யார் பேசினாலும் அவர்கள் பக்கம் திரும்பாமல் ரிட்லியை மட்டுமே பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.