மகளுக்கு கார்டியாக் டெக்னாலஜி கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா. மருத்துவ சீட் கை நழுவி, மகளுக்கு பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி கிடைத்திருக்கிறது, "இசிஜி எடுக்கவா நாலு வருஷம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். தாராளமாகச் சேருங்கள். எந்தக் கல்லூரி என்பதை மட்டும் நன்றாக விசாரியுங்கள்.

இசிஜி ஆரம்பப் பாடம்தான். துடிப்பு தாறுமாறாக ஓடும் நோயாளிக்கு கேத் லேபில், அதாவது எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில், அப்லேஷன் செய்வார்கள்; தப்பான துடிப்பைக் கிளப்பும் சின்ன இடத்தை அழிப்பதுதான் அது. டாக்டரின் கவனம் அந்தக் குழாயின் (கதீட்டர்) நுனியில் இருக்கும். நோயாளியோ மயக்க மருந்தின் பிடியில் இருப்பார், என்ன செய்கிறது என்று சொல்ல அவரால் முடியாது. அந்த நேரத்தில் திரையில் ஓடும் ரத்த அழுத்தக் கோட்டை விடாமல் பார்ப்பவர்களில் டெக்னீஷியனும் ஒருவர்.

மணிக்கட்டிலோ தொடையிலோ தமனிக்குள் செருகிய மெல்லிய குழாய், அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் என்ற கருவியில் வந்து சேரும். அந்தக் கருவியை இதய மட்டத்தில் நிறுத்தி, அளவைப் பூஜ்யத்தில் வைக்க (ஜீரோ செய்ய) வேண்டும். அது 10 செ.மீ. கீழே இறங்கினாலே பிரஷர் 7 புள்ளிக்கு மேல் கூடுதலாகக் காட்டும். மேசையை ஏற்றிய பிறகு அதைச் சரிபார்க்காமல் விட்டால், நிஜமாகவே இறங்கியிருக்கும் பிரஷர்கூட நார்மல் போலத் தெரியும். குழாயில் காற்றுக்குமிழி நின்றாலும் அலையின் முனை மழுங்கிவிடும்.

இடது ஏட்ரியத்துக்கு (இதயத்தின் இடது மேல் அறைக்கு) போக இதயத்தின் இடைச்சுவரில் ஊசி குத்தும்போது, நுனியில் மகாதமனியின் உயர்ந்த அலை தெரிந்தால் ஊசி தப்பான இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் பிரஷர் இறங்கி, துடிப்பு வேகமெடுத்தால், இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குகிறதோ என்று உடனே சந்தேகப்பட வேண்டும். அலாரம் அடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. "சார், 120 இருந்தது, இப்போ 90" என்று அந்த நொடியே உரக்கச் சொல்ல வேண்டும். எக்கோவில் (இதய ஸ்கேனில்) உறுதி செய்து, ஊசி வழியாக ரத்தத்தை வெளியே எடுத்துக் காப்பாற்றிவிடலாம். பெரிய டாக்டர் முன்னால் இப்படிக் குரல் கொடுக்கும் தைரியம் உங்கள் மகளுக்கு வர வேண்டும், அது பழகப் பழக வரும்.

அப்புறம், எக்ஸ்ரே பயம். ஈய ஏப்ரன், தைராய்டு காலர், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் எல்லாம் தருவார்கள். அவற்றைத் தினமும் போடுகிற பழக்கம்தான் முக்கியம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் சேர்ந்த பிறகு பேஸ்மேக்கர் நிறுவனங்களிலும் வேலைக்குப் போகலாம்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள்: இணைந்த மருத்துவமனையில் அப்லேஷன் நடக்கிறதா, வாரத்துக்கு எத்தனை? இன்டர்ன்ஷிப்பில் பிள்ளைகளைக் கேத் லேபுக்குள் நிற்க விடுகிறார்களா? கடைசி வருட மாணவி ஒருவரிடம் பேசலாமா? மூன்றாவதற்குத் தயங்கினால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.