மகன் பெயருக்கு இப்போதே எழுதித்தர வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே நானே வாங்கிய இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டமும் வீடும் என் பெயரில் உள்ளன. பந்தலூரில் ஒரு ஏக்கர் காபி. அதற்குப் பட்டா இல்லை. கணவர் இல்லை. மகன் கோவையில், மகள் குன்னூரில். உயில் எழுத நினைத்தேன். ‘உயில் கோர்ட்டில் நிற்காது, மகனுக்கு செட்டில்மெண்ட் செய்துவிடுங்கள், ஒன்றரை லட்சத்தில் முடித்துத் தருகிறேன்’ என்கிறார் ஒரு தரகர்.

பதில்: முதலில், அந்தத் தரகருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் அம்மா. ஒரிஜினல் பத்திரத்தை ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

உயில் நிற்கும். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப்போகிறவரை சாட்சியாக்க வேண்டாம். உங்கள் வயதுக்காரர்களும் வேண்டாம். நாளைக்கு வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், அதற்கு அவர் இருக்க வேண்டுமே. மனம் மாறினால் மாற்றி எழுதலாம், கடைசி உயில்தான் செல்லும். இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள். பீரோவில் வைத்த உயிலுக்குக் கால் முளைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வழக்கமாக எழுதும் செட்டில்மெண்ட் வேறு. பதிவானதும் தோட்டம் மகனுடையது. பச்சைத் தேயிலைப் பணமும் அவர் கணக்குக்குத்தான். பிறகு அவர் கவனிக்காவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி குன்னூரில் இருக்கும் கோட்டாட்சியரிடம் ரத்து கேட்கலாம். சரி, அதற்காக இந்த வயதில் குன்னூருக்கு எத்தனை முறை பஸ் ஏறுவீர்கள்? ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் அங்கேயும் இழுபறிதான்.

ஒன்றரை லட்சக் கணக்கையும் பாருங்கள். பிள்ளைகளுக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு 2023 முதல் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000. மீதி யாருக்கு? மகள் பேச்சையே அந்தத் தரகர் எடுக்கவில்லை, கவனித்தீர்களா?

உயிலில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். பட்டா மாற்றப் போனால், ‘மற்ற வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவர்கள் போடமாட்டார்கள் என்றுதானே உயிலே எழுதியது! ஆகவே இரண்டு பிள்ளைகளிடமும் இப்போதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

பந்தலூர்தான் சிக்கல். கூடலூர், பந்தலூர் பக்கம் பட்டா இல்லாத காகிதம் என்றாலே, ஜென்மி நிலமா, அதாவது பழைய ஜமீன் போன்ற நிலப்பிரபுவுக்குச் சொந்தமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு சிலருக்குப் பட்டா கிடைத்தது. அந்தச் சட்டத்தின் ‘பிரிவு 17’இல் வரும் குத்தகை நிலங்களில் பிரச்சினை இன்னும் தீரவில்லை. உங்களிடம் இல்லாத உரிமையை உயிலால் உண்டாக்க முடியாது. பட்டா இல்லாமல் நிலத்தை அனுபவித்து வருவது மட்டும்தான் என்றால் அதைத்தான் எழுத முடியும். ‘பதிவு பண்ணினால் பட்டா தானே வந்துவிடும்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இதில் ஏமாந்தவர்கள் நிறைய. கோத்தகிரி சொத்தை சர்வே எண்ணுடன் தெளிவாக எழுதிவிட்டு, தனிப் பத்தியில் ‘பந்தலூர் நிலத்தில் எனக்குள்ள உரிமைகள்’ என்று மட்டும் போடுங்கள். அந்த நிலத்தின் பழைய காகிதங்கள், வரி ரசீதுகள் எல்லாவற்றையும் எழுதுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஜெராக்ஸைத்தான்.