மெத்தடிஸ்டு சபையில் திருவிருந்துக்கு ஏன் திராட்சைச் சாறு?

"நான் கத்தோலிக்கப் பெண். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் மெத்தடிஸ்டு குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறேன். அங்கே நற்கருணையில் ஒயின் கிடையாது, சாறுதான் என்கிறார்கள். அப்படியென்றால் அது வெறும் அடையாளமா? நானும் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் நற்கருணை என்பதை நாங்கள் திருவிருந்து என்போம். அது வெறும் அடையாளம் இல்லை, தங்கச்சி. அப்பமும் திராட்சை ரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாகத் தன்மை மாறுவதில்லை என்பதுதான் உங்கள் போதனையோடு உள்ள வேறுபாடு. மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1784இல் சுருக்கித் தந்த சமயக் கோட்பாடுகளின்படி, கிறிஸ்துவின் சரீரத்தை ஆவிக்குரிய விதமாக, விசுவாசத்தால் பெற்றுக்கொள்கிறோம். கிறிஸ்து மெய்யாகவே அங்கே இருக்கிறார். எப்படி என்று நாங்கள் அளந்து பார்ப்பதில்லை.

சாறு விஷயம் வேறு. 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெத்தடிஸ்டு பல் மருத்துவர், திராட்சைச் சாறு புளித்துப் போகாதபடி சூடாக்கிப் பாதுகாக்க வழி கண்டார், திருவிருந்துக்காகவே. அதன் அருமை நம் தோட்டத்து ஜனங்களுக்குத் தெரியும். கள்ளுக்கடையால் எத்தனை வீடு அழிந்தது! எங்கள் தாத்தா குடியை விட்டவர். முழங்காலிட்டு, அந்தச் சின்னக் கிண்ணத்தை விரல் நடுங்க இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். அதில் ஒயின் வாசனை அடித்திருந்தால் அவர் பீடத்துப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

அப்புறம், நீங்கள் வாங்குவது. ஆண்டவரை நேசித்து மனந்திரும்பும் யாரையும் எங்கள் பந்தி அழைக்கும். ஆனால் கத்தோலிக்கச் சட்டம் அதற்கு இடம் தராது. முதலில் உங்கள் பங்குச் சாமியாரிடம் பேசுங்கள். அதுவரை இருக்கையிலேயே ஜெபியுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.