வெள்ளம் நிற்கவில்லை, என்ன செய்ய?

கேள்வி: அண்ணா, போன ஞாயிறு காலை கக்கூஸ் ஃபிளஷ் டேங்க் நிறைந்து, கைப்பிடி ஓட்டை வழியாக வெள்ளம் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பரை அழைத்தால் சர்ச்சில் இருப்பதாகச் சொன்னார். பயந்துபோய் மாடி டேங்க் வால்வை அடைத்துவிட்டேன். சாயங்காலம் வரை சமையலுக்குக்கூட வெள்ளம் இல்லை. வேறு வழி இருந்ததா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பார்த்து ஆசிரியர் குழுவில் ஒருவர், “ஊருக்குள் வெள்ளமா?” என்று எனக்கு ஃபோன் செய்தார். விளவங்கோடு பக்கம் நாங்கள் தண்ணீரையே வெள்ளம் என்றுதான் சொல்வோம் என்று விளக்கவேண்டி வந்தது.

வேறு வழி இருந்தது. ஃபிளஷ் டேங்குக்குக் கீழே சுவரில் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஆங்கிள் காக். அதை வலப்பக்கம் திருகினால் அந்த டேங்குக்கு வரும் தண்ணீர் மட்டும் நிற்கும். உப்புப் படிந்து இறுகியிருந்தால் ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். என் வீட்டில் நானே அப்படி முறுக்கி, காக் கழுத்தோடு ஒடிந்து, அரை இஞ்சுப் பைப்பில் தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியது. மாடிக்கு ஓடி வால்வை அடைத்துவிட்டு இறங்கினால், “பிளம்பர் வந்தாச்சா?” என்று கேட்டாள் வீட்டுக்காரி.

திருக முடியவில்லையா, டேங்க் மூடியைக் கழற்றி உள்ளே மிதக்கும் பந்தைக் கையால் தூக்குங்கள். தண்ணீர் நின்றால், டேங்க் வாயில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, பந்தின் கம்பியை அதில் கயிறால் கட்டிவிடுங்கள். நான் ஈர்க்குக் கட்டையே வைத்துச் சமாளித்திருக்கிறேன். அன்றைய பொழுது ஓடிவிடும். அப்புறம் பந்தைக் குலுக்கிப் பாருங்கள். சளக் சளக் என்றால் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது, புதுப் பந்துதான் போட வேண்டும். ஒட்டுப் போட்டால் நிற்காது. பந்தைத் தூக்கியும் தண்ணீர் வருகிறது என்றால் பால் காக்கின், அதாவது பந்து மேலே ஏறினதும் தண்ணீரை அடைக்கும் வால்வின், வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது மணல் சிக்கியிருக்கும்.

சரி செய்தபின் தண்ணீர் மட்டம், உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஓர் இஞ்சு கீழே நிற்கட்டும். பித்தளைக் கம்பி என்றால் லேசாகக் கீழே வளைத்தால் மட்டம் இறங்கும். கையோடு இன்னொன்றும் பாருங்கள்: டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால், டேங்கின் அடியில் வாயை அடைக்கும் ரப்பரும் போய்விட்டது.

கேள்வி: மோட்டாரை அணைக்க மறந்து மாடி டேங்க் வழிந்துகொண்டே இருக்கிறது. அதிலும் பால் காக் போட்டால் போதுமா?
– வாசகர், பாறசாலை

பதில்: போடாதீர்கள். பொதுக் குழாயிலிருந்து தானாக வரும் தண்ணீருக்கு அது சரி. மோட்டார் ஏற்றும் லைனில் போட்டால், வாய் அடைபட்ட பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். பைப் ஜாயிண்ட் பிய்த்துக்கொள்ளும், இல்லையென்றால் மோட்டார் சூடாகிப் போகும். ஃபுளோட் ஸ்விட்ச் மாட்டுங்கள், டேங்க் நிறைந்ததும் மோட்டாரையே நிறுத்திவிடும். பெரிய மோட்டார் என்றால் ஸ்டார்ட்டர் வழியாகத்தான் இணைக்க வேண்டும். அது எலக்ட்ரீசியன் வேலை, நான்கூடத் தொடமாட்டேன்.

ஓவர்ஃப்ளோ பைப்பையும் பாருங்கள். உள்ளே வரும் பைப்பைவிட ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும், வாயில் கொசுவலை கட்டியிருக்க வேண்டும். ஒரு வீட்டில் குளவி கூடு கட்டி அதை அடைத்துவிட்டது. தண்ணீர் டேங்க் மூடியடியில் வழிந்து, சுவரோடு இறங்கி, நேராக ஸ்விட்ச் போர்டுக்குள் போயிருந்தது. உங்கள் வீட்டிலும் போர்டு பக்கம் சுவர் ஈரமாக இருந்தால், உலர்ந்த கையோடு முதலில் மெயினை அணையுங்கள். மெயினே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். டேங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.