ராஜினாமா கடிதத்தில் அவசரம் வேண்டாம்

கேள்வி: ஒன்பது வருடமாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். புது மேனேஜர் வந்து நான்கு மாதம் ஆகிறது. என் கையில் இருந்த இரண்டு பிராஜெக்ட்டுகளும் வேறொருவருக்குப் போய்விட்டன. வாராந்திர மீட்டிங்கிற்கு எனக்கு அழைப்பு வருவதில்லை. கேட்டால், "அப்படியெல்லாம் ஒன்றுமில்லையே" என்கிறார். பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: அந்தப் ‘பேசாமல்’தான் உங்களுக்கு நஷ்டம். பேசிவிட்டு, எழுதிவைத்துவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள்.

நிறுவனமே உங்களை நீக்கினால் அதற்குச் செலவு உண்டு: நோட்டீஸ் காலச் சம்பளம், இழப்பீடு, காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு, வழக்கு வரும் வாய்ப்பு. நீங்களாகக் கிளம்பினால் இதில் பெரும்பகுதி அவர்களுக்கு மிச்சம். பல நாடுகளில், தானாக வேலையை விட்டவருக்கு அரசின் வேலையின்மை உதவித்தொகையும் சிக்கலாகிவிடும்.

அதனால்தான் சில இடங்களில் நீக்காமல், நீங்களாகக் கிளம்பும்படி ஓரங்கட்டுவார்கள். இது புதிதல்ல. ஜப்பானில் வேலை எதுவும் தரப்படாமல் ஓரங்கட்டப்பட்டவர்களுக்கு ‘மதோகிவா சோகு’ என்றே பெயர். ஜன்னலோரக் கூட்டம் என்று சொல்லலாம். பிரான்ஸ் டெலிகாம் என்ற பிரெஞ்சுத் தொலைபேசி நிறுவனம் 22,000 பேரைக் குறைக்கக் கிளம்பியபோது நடந்தது இதைவிடக் கொடுமை. ஊழியர்களை இடம் மாற்றி, வேலை மாற்றி நெருக்கினார்கள். பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தையும் அதன் முன்னாள் தலைவர் டிடியே லொம்பாரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

உங்கள் மேனேஜர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. வேலையைப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாத வெறும் சொதப்பல் பேர்வழியாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இப்படி ஒரு மெயில் அனுப்புங்கள்:

"இன்று காலை நாம் பேசியதை நினைவுக்காக எழுதுகிறேன். என் இரண்டு பிராஜெக்ட்டுகளும் கைமாறிவிட்டன. அடுத்த மூன்று மாதத்துக்கு என் பொறுப்புகள் என்னென்ன என்று தெரிவித்தால் திட்டமிட வசதியாக இருக்கும். வாராந்திர மீட்டிங்கில் நான் கலந்துகொள்ள வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்."

குற்றச்சாட்டு இல்லை, புலம்பல் இல்லை. சொதப்பல்காரர் என்றால் பதறிப்போய் வேலை கொடுப்பார். உள்நோக்கம் உள்ளவர் வாயால் மழுப்புவாரே தவிர எழுத்தில் தர மாட்டார். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே மெயிலின் கீழேயே நினைவூட்டுங்கள். அந்தத் தேதிகள் பின்னால் உதவும்.

கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். "அவமானப்படுத்தினார்" என்று எழுதினால் பயனில்லை. "செவ்வாய், காலை 11 மணி, ஆறு பேர் முன்னால், இன்ன வார்த்தை" என்று எழுதுங்கள். பழைய அப்ரைசல் கடிதங்கள், சம்பள ரசீதுகளின் பிரதி வீட்டில் இருக்கட்டும். ஆனால் ஆத்திரத்தில் கம்பெனி ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

அடுத்து ‘பி.ஐ.பி.’ என்ற செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் வரலாம். உண்மையாகவே திருத்துவதற்காகவும் தருவார்கள், வெளியேற்றுவதற்கான காகிதமாகவும் தருவார்கள். இலக்கு அளக்கக்கூடியதா, கொடுத்த நாட்களுக்குள் முடியக்கூடியதா என்று பாருங்கள். கையெழுத்து கட்டாயம் என்றால், "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதி, கீழே கையெழுத்திடுங்கள்.

பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில், முதலாளி ஒப்பந்தத்தை அடியோடு மீறியதால் ஒருவர் விலக நேர்ந்தால், சட்டம் அதைப் பணிநீக்கமாகவே பார்க்கும். ஆனால் நிரூபிக்க வேண்டியவர் ஊழியர்தான், காலக்கெடுவும் உண்டு. அதனால் விலகுவதற்கு முன்பே, உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த தொழிலாளர் வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பாருங்கள்.

போவதென்றே முடிவானால் விலை பேசுங்கள். "பரஸ்பர சம்மதத்துடன் பிரியத் தயார், என்ன தருவீர்கள்?" என்று எச்.ஆரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனை மாதச் சம்பளம், அனுபவச் சான்றிதழில் என்ன வாசகம் என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்து. தூக்கமும் உடம்பும் கெட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். முதலில் மருத்துவரைப் பார்த்து விடுப்பு எடுங்கள். ராஜினாமா கடிதத்தை விடுப்பு முடிந்தும் எழுதலாம்.