200 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தும், முன்னுரிமை வைத்தும், கல்லூரியில் ஆன்லைன் வகுப்பு ஏன் திணறுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 600 மாணவர்கள் படிக்கும் கல்லூரி, அப்லோடு, டவுன்லோடு இரண்டிலும் 200 எம்பிபிஎஸ். ரவுட்டரில் டீம்ஸுக்கு முன்னுரிமை கொடுத்தும் மதிய வேளையில் குரல் விட்டு விட்டு வருகிறது என்கிறீர்கள்.

முன்னுரிமை எடுபடாததற்கு முதல் காரணம், நெரிசல் உங்கள் ரவுட்டரில் இல்லை. அதன் போர்ட் 1 ஜிகாபிட். வந்ததை அப்படியே தள்ளிவிடுகிறது. பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தேங்குவது 200-க்குக் குறுகும் இடத்தில், அதாவது சேவை நிறுவனத்தின் கருவியில். அங்கே உங்கள் விதியை யாரும் பார்ப்பதில்லை. எனவே ரவுட்டரிலேயே ஷேப்பர் (வேகத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பு) போட்டு அப்லோடை 190-க்கும் டவுன்லோடை 180-க்கும் குறுக்குங்கள். காசு கொடுத்த வேகத்தைக் குறைக்க மனம் வராதுதான். ஆனால் அதை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை உங்கள் கைக்கு வரும்.

சரியான எண்ணைக் கண்டுபிடிக்க, கேபிளில் மாட்டிய ஒரு மடிக்கணினியில் பிங் (பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, வேறு நாலைந்தில் பெரிய டவுன்லோடுகளைத் தொடங்குங்கள். பிங் 8 மில்லி செகண்டிலிருந்து 200-க்குத் தாவினால் வரிசை இன்னும் வெளியேதான் நிற்கிறது. அது 20-க்குள் அடங்கும் வரை ஷேப்பரை 5 எம்பிபிஎஸ் வீதம் இறக்குங்கள்.

ஷேப்பருக்குள், வேகத்தை ஆளுக்குச் சமமாகப் பிரிக்கும் 'கேக்' (CAKE) என்ற வரிசைமுறையை வையுங்கள். மைக்ரோடிக் ரவுட்டர்களின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7-ல் அது இருக்கிறது. இரண்டு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஃபாஸ்ட்டிராக்கை (பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் கடத்தும் வசதி) அணைக்காவிட்டால் பாக்கெட்டுகள் ஷேப்பர் இருக்கும் சிம்பிள் க்யூவைத் தொடாமலே போய்விடும். கேக்கின் நாட் (NAT) விருப்பத்தை, அதாவது ஒரே பொது முகவரிக்குப் பின்னாலுள்ள சாதனங்களைப் பிரித்தறியும் வசதியை, இயக்காவிட்டால் 600 போன்களும் கேக்குக்கு ஒரே முகவரியாகத் தெரியும்; ஆளுக்குச் சமபங்கு என்பதே நடக்காது.

உங்கள் ஊருக்கு இந்தச் சமபங்கு மிக முக்கியம். அப்டேட்டும் யூடியூபும் பெரும்பாலும் ஜோஹன்னஸ்பர்க், டர்பனில் உள்ள கேஷ்களிலிருந்தே (பிரதிகளை வைத்திருக்கும் சர்வர்கள்) வரும். ஐரோப்பாவிலுள்ள சர்வருக்குப் போய்வர 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அருகிலிருந்து வரும் டிசிபி ஓட்டம் (ஒரு டவுன்லோடின் இணைப்பு) வேகத்தைச் சட்டென்று ஏற்றிக்கொள்ளும். ஒரே வரிசையில் நின்றால் தூரத்து ஓட்டத்தை நசுக்கிவிடும்.

முன்னுரிமை இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் கொஞ்சமாக. இணையத்திலிருந்து வரும் பாக்கெட்டில் டிஎஸ்சிபி குறி (அதன் முன்னுரிமையைச் சொல்லும் எண்) பெரும்பாலும் அழிந்தே வரும். அதனால் ரவுட்டரின் மேங்கிளில் (பாக்கெட்டுகளுக்குக் குறியிடும் விதிப்பட்டியல்) யுடிபி போர்ட் எண் 3479-க்கு (டீம்ஸ் குரல்) 46, 3480-க்கு (வீடியோ) 34 என்று நீங்களே குறியிடுங்கள். மாணவர் சாதனங்கள் போட்டு அனுப்பும் குறிகளை அதற்கு முன்பே அழித்துவிடுங்கள். போக்குவரத்தை நான்கு அடுக்காகப் பிரிக்கும் கேக்கின் டிஃப்செர்வ்4 முறையில் குரல் அடுக்கு 25 சதவீதத்தைத் தாண்டினால் முன்னுரிமையை இழக்கும். ஒரு அழைப்பின் குரலுக்கு 100 கேபிபிஎஸ்கூடத் தேவையில்லை என்பதால் அது தாராளம்.

இவ்வளவு செய்தும் வைஃபையில் மட்டும் குரல் உடைந்தால் அக்சஸ் பாயிண்டை (வைஃபை தரும் பெட்டி) பாருங்கள். குரலுக்கு நீங்கள் இட்ட குறி 46, பைனரியில் 101110. முதல் மூன்று பிட்டை மட்டும் படிக்கும் கருவிக்கு அது 5, வைஃபையில் வீடியோ வரிசை. குரல் வரிசைக்கு 6 வேண்டும். அக்சஸ் பாயிண்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் 46-ஐ 6-க்கு மாற்றுங்கள். கூடவே 12 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழுள்ள பழைய வேகங்களை நிறுத்துங்கள். மூலையில் 1 எம்பிபிஎஸ்ஸில் தொங்கும் ஒரே போன் அந்த அறையின் நேரத்தையெல்லாம் தின்றுவிடும்.

மின்வெட்டுக்கு ரவுட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் வைத்தால் போதாது. ஃபைபர் பெட்டியும், அக்சஸ் பாயிண்டுகளுக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சும் அதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கரண்ட் திரும்பியதும் ஆய்வகக் கணினிகள் ஒன்றாக விழித்து அப்டேட் கேட்கும். விண்டோஸ் டெலிவரி ஆப்டிமைசேஷனை (அப்டேட்டைக் கணினிகள் தங்களுக்குள் பகிரும் வசதி) குரூப் முறைக்கு மாற்றி, டிசிபி போர்ட் 7680-ஐ உள்வலையில் திறந்து வைத்தால் பக்கத்துக் கணினியிலிருந்தே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.