பாப்பா கேக்கறது ஃபயர் சர்வீஸ் இல்லைங்கண்ணா

அண்ணா, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பர்கூர் கவர்மெண்ட் காலேஜ்ல மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கற பாப்பா, யாரோ வந்து ஃபயர் சேஃப்டி இன்ஜினியரிங் பத்தி ஒரு மணி நேரம் பேசினத கேட்டுட்டு வந்து இனி எனக்கு இதுதான்னு நிக்குது, அவங்கம்மா "பொட்டப்புள்ளய நெருப்புல எறக்கறதா"ன்னு ரெண்டு நாளா சரியா சாப்புடல. அதானே?

மொதல்ல அண்ணிகிட்ட சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. சிவப்பு வண்டில ஏறிப் போற ஃபயர்மேன் வேலைக்கு பத்தாவது போதும், சீருடைப் பணியாளர் வாரியம் எக்ஸாம் வைக்கும், ஸ்டேஷன் ஆபிசர்னா டிகிரி வேணும். அது நெருப்பு புடிச்சப்புறம் போற வேலை. பாப்பா கேக்கறது கட்டடம் பிளான் பேப்பர்ல இருக்கும்போதே உக்காந்து, இங்க தீ புடிச்சா புகை எந்தப் பக்கம் போகும், எத்தன நிமிஷத்துல ஆளுங்க வெளிய வருவாங்க, கதவு உள்பக்கம் தொறக்குதா வெளிப்பக்கம் தொறக்குதான்னு கணக்கு போடற வேலை.

இதுல நீங்களே பாதி இன்ஜினியர்ணா, வெளையாட்டுக்கு சொல்லல. போன கோடைல தேங்கா மஞ்சி மில்லுல நார்த்தூள் குவியல் தீ புடிச்சுதுன்னு சொன்னீங்களே, மேல தண்ணி ஊத்தி அணைஞ்சிடுச்சுன்னு வீட்டுக்கு வந்து படுத்தீங்க, விடியக்காலைல வாட்ச்மேன் போன் பண்றான் திரும்ப புகையுதுன்னு. ஏன்? தண்ணி மேலாக்க வழிஞ்சு ஓடிடுச்சு, உள்ள கொஞ்சூண்டு காத்த வச்சுகிட்டே சுடர் இல்லாம கனிஞ்சுகிட்டு இருந்துச்சு. ஜேசிபி வச்சு குவியல கலைச்சு கலைச்சு நனைச்சப்புறம்தான் அடங்குச்சு. பாப்பா படிக்கப் போறது இதத்தான்: எது எப்படி எரியும், குவியல் எவ்வளவு ஒசரம் போடலாம், ரெண்டு குவியலுக்கு நடுவுல எவ்வளவு இடம் விடணும்.

அந்த மீட்டிங்ல, தீ புடிச்சா தானா தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர் காட்டுனாங்களாம், பாப்பா ரொம்ப ஆச்சரியமா சொல்லுச்சுன்னீங்க. ஆமா, சீலிங்ல தொங்கற அந்த சின்ன மூக்குல செவப்பு திரவம் ஊத்துன ஒரு கண்ணாடி குப்பி இருக்கும், நம்ம சுண்டு வெரல விட சின்னது. சுத்தி 68 டிகிரி சூடு வந்தா குப்பி ஒடைஞ்சு அந்த ஒரு மூக்கு மட்டும் தொறக்கும், சினிமால காட்டற மாதிரி கட்டடம் பூரா மழை பெய்யாது. குப்பி ஒடைய கரண்டும் வேணாம், ஆளும் வேணாம். ஆனா பைப்புல பிரஷர் நிக்கணும், அதுக்குன்னே ஜாக்கி பம்ப்னு ஒண்ணு ஓடும், பம்ப் ரூமையே யாராச்சும் கரண்ட் பில்லுக்கு பயந்து மொத்தமா ஆஃப் பண்ணி வச்சிருந்தா அத்தனையும் வீண். நான் போன எடத்துல அப்படி ஒண்ணு பாத்திருக்கேன், பேர் வேணாம்.

2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடம், 94 கொழந்தைங்க. கூரை கீத்து, படிக்கட்டு குறுகல். அதுக்கு தண்ணி வண்டி பத்தலன்னு சொல்ல முடியாதுண்ணா, பிளான்லயே போச்சு அது. அவ்வளவு தூரம் எதுக்கு, 2023 அக்டோபர்ல ஓசூர் தாண்டி அத்திப்பள்ளில பட்டாசுக் கடை புடிச்சப்ப செத்ததுல நம்ம அரூர் பக்கம் அம்மாபேட்டை பசங்க எத்தன பேரு. தீபாவளி சீசனுக்கு நாலு காசு பாக்கலாம்னு போனவங்க.

வேலை கெடைக்குமான்னு கேட்டீங்க. ஓசூர் சிப்காட், அந்தப் பக்கம் போச்சம்பள்ளில ஓலா ஸ்கூட்டர் ஃபேக்டரி, கூத்தனப்பள்ளில டாடா எலக்ட்ரானிக்ஸ், நம்மள சுத்திதான் இருக்கு எல்லாம். 1948 ஃபேக்டரீஸ் சட்டத்துல ஆயிரம் பேரோ அதுக்கு மேலயோ இருந்தா சேஃப்டி ஆபிசர் கட்டாயம்னு இருந்துச்சு, 2020ல போட்ட புது சட்டத்துல அத 500 ஆக்கிட்டாங்க, ஆபத்தான ப்ராசஸ்னா 250. பேட்டரி வேற புது தலவலி, லித்தியம் பேட்டரி சூடேற ஆரம்பிச்சா ஒரு செல்லுலருந்து அடுத்த செல்லுக்கு தாவிகிட்டே போகும், இதுல தெளிவா இருக்கற ஆளு நாளைக்கு கம்பெனிக்கு வேணும். எடுத்த எடுப்புல சம்பளம் சாதா மெக்கானிக்கல் பசங்க வாங்கறதுதான், பொய் சொல்ல மாட்டேன். பொண்ணுங்களுக்கு ஒத்து வருமான்னா, எலக்ட்ரானிக்ஸ் லைன்ல நிக்கறதே நிறைய பொண்ணுங்கதான், அங்க தீ ஒத்திகை ட்ரில் நடத்த ஒரு பொண்ணு இருந்தா நல்லதுதானே. நைட் ஷிப்ட் வரும், அத அண்ணிகிட்ட மறைக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு பாத்து ஆறு மாச ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோக்கு 5,000 அட்வான்ஸ் கட்டிட்டேன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு பக்குன்னுச்சு. சேஃப்டி ஆபிசர் ஆகணும்னா கவர்மெண்ட் ஒத்துக்கற படிப்பு வேணும், அதுக்கு மேல அனுபவமும் கேப்பாங்க. துபாய்க்கு அனுப்பறோம்னு அவங்க சொல்றத நம்பி பி.இ.ய பாதில வுட்டுட்டு போக வேணாம். பி.இ. முடிக்கட்டும், ஓசூர்ல ரெண்டு வருஷம் ஷாப் ஃப்ளோர்ல நிக்கட்டும், அப்புறம் சென்னை தரமணில மத்திய அரசோட ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட் இருக்கு, அங்க இண்டஸ்ட்ரியல் சேஃப்டி அட்வான்ஸ்டு டிப்ளமோ பண்ணலாம். கேட்னு எம்.டெக். நுழைவுத் தேர்வு எழுதி நல்ல மார்க் வந்தா திருச்சி என்ஐடில இண்டஸ்ட்ரியல் சேஃப்டி எம்.டெக். இருக்கு, அது இன்னும் பலம். ரொம்ப நல்லா படிக்கற புள்ளைன்னா ஐரோப்பாவுல பெல்ஜியத்தோட கெண்ட், எடின்பரோ, லுண்ட் யுனிவர்சிட்டிங்க சேந்து நடத்தற ஃபயர் சேஃப்டி மாஸ்டர்ஸ் இருக்கு, ஸ்காலர்ஷிப்பும் கெடைக்கலாம், ஆனா அத இப்பவே சொல்லி அண்ணிய பயமுறுத்தாதீங்க. பிளஸ் ஒன் படிக்கற சின்னவனுக்கும் ஆசை இருந்தா அவனுக்கு நேரா கொச்சின் யுனிவர்சிட்டில சேஃப்டி அண்ட் ஃபயர் பி.டெக்.கே இருக்கு, நாக்பூர்ல நேஷனல் ஃபயர் சர்வீஸ் காலேஜும் இருக்கு.

இந்த லீவுல பாப்பாவ எஃப்டிஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர எறக்கி பாக்க சொல்லுங்க, அமெரிக்க அரசாங்கத்தோட நிஸ்ட்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் ஃப்ரீயா குடுக்கறது, ஒரு ரூமுக்குள்ள தீயும் புகையும் எப்படி பரவும்னு அதுல பாக்கலாம். ஒரு வாரம் உக்காந்து மண்டைய ஒடைச்சுகிட்டு, அப்பவும் புடிச்சிருக்குன்னா ஆசை நெஜம்.

ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு தருமபுரி ஆபீஸுக்கு மூணு பேரும் வாங்க. அந்த 5,000 ரசீது கைல இருந்தா எடுத்துட்டு வாங்க, பின்னாடி சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கான்னு பாத்துட்டு திரும்ப கேப்போம்.